நாலெல்லையும் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டும்

எங்கள் அறையில் இரவு ஒன்பது மணிக்குத் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டின் தலைமாட்டில், ஒன்றுக்கும் உதவாத சில வரிகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி போட்டு முடக்கியிருப்பதால் கணினி அவற்றை வாசிக்காமல் தாண்டிப் போகும். மேலேயுள்ளது ‘எச்டிஏ’ என்கிறது. அதன் கீழே ‘எஸ்டிஏ’. பிறகு ஒரு நீண்ட யூயூஐடி. பிறகு ‘எம்எம்சிபிஎல்கே0’. கடைசியில் ‘என்விஎம்இ0என்1’. புதிதாக வேலைக்கு வரும் பெடியங்கள், “அக்கா, இதுகளை அழிச்சுவிடட்டோ?” என்று கேட்பார்கள். நான் விடுவதில்லை. ஸ்கிரிப்டை முதலில் எழுதிய அண்ணை இப்போது கனடாவில். அவருடைய வரிகளின் மேல் நான் என் வரிகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். குடாநாட்டில் எங்கள் தொழில் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், அந்த முடக்கிய வரிகளைத்தான் காட்டுவேன்.

தொழில் என்று நான் சொல்வது பழைய பத்திரிகைகளையும் கோயில் கணக்குகளையும் ஏடுகளையும் ஸ்கேன் செய்து டிஸ்க்கில் ஏற்றுவது. ஏற்றியதைப் பிரதி எடுப்பது. பிரதியைப் பிரதி எடுப்பது. பிரதி ஏன் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி எரிந்த பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் போயின. அவற்றில் சிலவற்றுக்கு உலகத்தில் வேறு படியே இருக்கவில்லை. 2005இல் நூலகம் இணையத்தளம் தொடங்கியபோது எங்கள் தலைமுறையினர் அதில் கண்ட கவர்ச்சி தொழில்நுட்பம் அல்ல, இரண்டாவது படி என்பதுதான். எங்களுடையது அதைப் பார்த்து முளைத்த சிறிய முயற்சி. ஒரு வாடகை வீட்டின் முன்னறை, இரண்டு ஸ்கேனர், காலத்துக்குக் காலம் மாறிய கணினிகள்.

‘எச்டிஏ’ வரியிலிருந்து தொடங்குகிறேன். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 பாதை திறந்த பின், கொழும்பிலிருந்து பாவித்த கணினிகள் லொறி லொறியாக வந்தன. தொண்ணூறுகளில் கரண்டும் இல்லாமல், பற்றரிக்கும் தடையாயிருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. மற்ற இடங்கள் டொஸ்ஸிலிருந்து விண்டோஸுக்குப் படிப்படியாக ஏறின. நாங்கள் நேரே நடுப்படியில் காலை வைத்தோம். வந்த கணினிகளில் ஐடிஈ ஹார்ட் டிஸ்க் இருந்தது. அகலமான சாம்பல் நிற ரிப்பன் கேபிள். ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் கொழுவலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை டிஸ்க்கின் பின்பக்கத்தில் ஜம்பர் என்ற சின்னத் தொப்பியை இடம் மாற்றிப்போட்டுச் சொல்லவேண்டும். தொப்பி தவறி மேசைக்கடியில் விழுந்தால் அரைநாள் போய்விடும்.

லினக்ஸ் அந்த இடத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தது. முதற் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி. இரண்டாம் கேபிளின் மாஸ்டர் எச்டிசி, ஸ்லேவ் எச்டிடி. எச்டிசி அநேகமாக சீடி டிரைவ். இந்த முறைக்கும் முந்தியது ஒன்று இருந்தது. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட ஆரம்பப் பதிப்புகளில் எழுத்தே கிடையாது, வெறும் எண். எச்டி0 என்றால் முதல் டிஸ்க் முழுவதும். எச்டி1 முதல் எச்டி4 வரை அதன் நாலு பிரிவுகள். எச்டி5 என்றால் இரண்டாம் டிஸ்க் முழுவதும். அதன் முதற் பிரிவு எச்டி6. ஒரு டிஸ்க்குக்கு நாலு பிரிவுக்கு மேல் வராது, ஒரு மனிதனிடம் இரண்டு டிஸ்க்குக்கு மேல் இருக்காது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அந்த நம்பிக்கை சீக்கிரமே உடைந்து எழுத்து வந்தது.

எச்டிஏ என்ற பெயரில் அந்த டிஸ்க்கைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. அது எங்கே கொழுவியிருக்கிறது என்பது மட்டுமே உண்டு. அதே டிஸ்க்கைக் கழற்றி இரண்டாம் கேபிளில் போட்டால், உள்ளே ஒரு எழுத்தும் மாறாமல் அது எச்டிசி ஆகிவிடும். எனக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை, ஏனென்றால் என் அப்பா பிரசித்த நொத்தாரிசு.

அப்பாவின் மேசையில் உறுதிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் அட்டவணை என்று ஒரு பகுதி உண்டு. முதலில் கோவிற்பற்று, குறிச்சி. பிறகு காணியின் பெயர்: மாவடி வளவு, ஆலடி, இன்னாரின் சீமா, இன்ன கலட்டி. பிறகு பரப்பும் குளியும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன்பின் “இதற்கெல்லை” என்று தொடங்கி நாலு திசை. கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பிள்ளைகளுக்குரியது, தெற்கே வாய்க்கால். கடைசியில் பனை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால். இந்த நாலெல்லைதான் எச்டிஏ. காணி என்ன என்று அது சொல்லாது. எதற்குப் பக்கத்தில் என்று மட்டும் சொல்லும். கிழக்கே இருந்தவர் செத்துப்போய், காணி மகளின் சீதனமாகி, மருமகன் அதை விற்றுவிட்டு லண்டன் போன பிறகும், எங்கள் உறுதியில் கிழக்கெல்லை பழைய மனிதரின் பெயரிலேயே நிற்கும். அடுத்த உறுதி எழுதும்போது அப்பா “முன்னர் இன்னாருக்கும் தற்போது இன்னாருக்கும் உரிய” என்று சேர்ப்பார். எல்லைக்காரரின் பெயர்கள் மூன்று தலைமுறைக்கு நீண்ட அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காணிக்கென்று ஒரு பெயரும் தனியே இருக்கிறதே, பிறகு ஏன் எல்லை என்று சின்ன வயதில் கேட்டேன். “பிள்ளை, மாவடி வளவு எண்டு இந்தக் குறிச்சியிலேயே நாலைஞ்சு கிடக்கும்” என்றார். பெயர் நிலைத்திருக்கும், ஆனால் ஒன்றைத்தான் குறிக்கும் என்றில்லை. எல்லை ஒன்றைத்தான் குறிக்கும், ஆனால் நிலைக்காது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துத் தோம்பு என்ற பதிவேட்டை எழுதினார்கள்; 1658இல் வந்த ஒல்லாந்தர் காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று திரும்ப எழுதினார்கள்; ஆங்கிலேயர் 1863இல் பதிவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் மல்லாடியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

டிஸ்க்குக்குள்ளும் பாகப்பிரிவினை உண்டு. 1983இல் வந்த பிசி டொஸ் 2.0 ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிரிவு அட்டவணையைத் தந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் அதற்கு. ஒரு பிரிவுக்குப் பதினாறு பைட், ஆகவே நாலு பிரிவு. ஐந்தாவது வேண்டுமென்றால் நாலில் ஒன்றை ‘நீட்டிய பிரிவு’ ஆக்கி அதற்குள் உட்பிரிவுகள் போடவேண்டும். அந்த உட்பிரிவுகளை லினக்ஸ் 5 முதல் எண்ணும், முன்னால் 3உம் 4உம் இல்லாவிட்டாலும். அதனால் எச்டிஏ1, எச்டிஏ2, எச்டிஏ5, எச்டிஏ6 என்று பல்லு விழுந்த வரிசை. இதில் ஒரு விஷமம் இருக்கிறது. 5ஐ அழித்தால் 6 தானாகவே 5 ஆகிவிடும். நேற்றுவரை 6இல் இருந்த ஸ்கேன் கோப்புகளை எடுக்கப்போன ஸ்கிரிப்ட், இன்று 6 இல்லையென்று வெறுங்கையோடு திரும்பும். 6க்கு அப்பால் 7 ஒன்று இருந்திருந்தால் இன்னும் மோசம்: அதுவே 6 ஆகியிருக்கும். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தப்பான பிரிவைப் பிரதி எடுத்து, ‘முடிந்தது’ என்று பதிவும் எழுதும். நில அளவையாளரின் வரைபடத்தில் துண்டு இலக்கம் இப்படித் தானாக நகராது. ஒருமுறை துண்டு 2 என்றால் அந்த வரைபடத்தில் அது என்றும் துண்டு 2.

இரண்டாவது வரி, ‘எஸ்டிஏ’. 2006 ஆகஸ்ட்டில் முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. கப்பலிலும் விமானத்திலும் வருவதுதான் ஊருக்கு. கணினிச் சாமான் அரிசி பருப்புக்குப் பிறகு. மற்ற இடங்களில் சாட்டா என்ற புதுவகை டிஸ்க்குகள் பரவிக்கொண்டிருந்த காலத்தில் எங்களிடம் பழைய ரிப்பன் கேபிள்கள்தான். ஆனால் மென்பொருளுக்கு முகமாலை இல்லை. உபுண்டு லினக்ஸ்காரர் அப்போது ஷிப்இட் என்ற பெயரில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாய் சீடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாமதமாகவாவது தபாலில் வந்துவிடும். 2007 ஏப்ரலில் வெளியான 7.04ஐப் போட்டதும் எச்டிஏ மறைந்துபோனது. டிஸ்க் அதேதான், கேபிள் அதேதான், ஜம்பர் அதேதான். பெயர் மட்டும் எஸ்டிஏ.

காரணம் இதுதான். ‘எஸ்டி’ என்பது ஸ்கசி டிஸ்க்குகளின் பெயர். பெரிய சேர்வர்களில் இருந்த வகை. சாட்டா வந்தபோது அதற்கென்று லிப்ஏடிஏ என்ற புதிய பகுதியை ஜெஃப் கார்சிக் லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் எழுதினார். அது எல்லா டிஸ்க்கையும் ஸ்கசி உடுப்புப் போட்டு மேலே அனுப்பியது. 2006, 2007இல் பழைய ஐடிஈ டிஸ்க்குகளும் அந்த வழியால் போகத் தொடங்கின. யூஎஸ்பி டிஸ்க்குகள் ஏற்கெனவே அந்த உடுப்பில்தான் வந்தன. ஆக எல்லாம் ஒரே வரிசை: எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி. இசட் முடிந்தால் எஸ்டிஏஏ. பழைய எச்டி டிரைவர் கேர்னலில் மூலையில் கிடந்து 2021இல் வந்த 5.14 பதிப்போடுதான் அகற்றப்பட்டது. பலர் கவனிக்காத ஒரு நட்டமும் இதில் இருந்தது. எச்டி முறையில் ஒரு டிஸ்க்கில் 63 பிரிவு வரை போகலாம். எஸ்டியில் அப்போது பதினைந்துதான். இருபது பிரிவு வைத்திருந்தவர்கள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தால் பாவமாயிருக்கும்.

எச்டிஏ இடத்தையாவது சொன்னது. எஸ்டிஏ அதையும் சொல்லாது. முதலில் பதில் சொன்னவன் எஸ்டிஏ, அடுத்தவன் எஸ்டிபி. வரிசையில் வந்து நிற்பதற்கு ஏற்ப எழுத்து. யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகிவிட்டு இயக்கினால் ஒரு வரிசை, இயக்கிவிட்டுச் செருகினால் இன்னொரு வரிசை. அண்மைய கேர்னல்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லா டிஸ்க்கையும் ஒரே வேளையில் தேடுகின்றன. யார் முந்துவார் என்று சொல்லமுடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலிருந்தது நினைவிருக்கும். யூபிஎஸ் தாங்காது. கணினி நாளுக்குப் பல தடவை விழுந்து எழும்பியது. எழும்பும் நேரங்களில் சிலவேளை மூலம் எஸ்டிஏ, பிரதி எஸ்டிபி, சிலவேளை மாறி. பெயரை நம்பும் ஸ்கிரிப்ட் அந்த நாட்களில் வெறுமையான பிரதியை மூலத்தின் மேல் எழுதியிருக்கும். எங்களுடையது எழுதவில்லை. மூன்றாவது வரிக்கு அதனால்தான் நன்றி.

மூன்றாவது வரி யூயூஐடி. அதன் கதையில் இடையில் ஒரு தவறான திருப்பமும் உண்டு. 2000ஆம் ஆண்டளவில் ரிச்சர்ட் கூச் என்பவரின் டெவ்எஃப்எஸ் வந்தது. அது டிஸ்க்கின் பெயரை ‘ஐடிஈ, ஹோஸ்ட்0, பஸ்0, டார்கெட்0, லன்0, பார்ட்1’ என்று முகவரி முழுவதும் எழுதிப் பெயரிட்டது. நாலெல்லையை எட்டெல்லை ஆக்கியதுபோல. தட்டச்சு செய்தே கை நோகும், யாருக்கும் பிடிக்கவில்லை. 2003இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் யூடெவ்வைத் தொடங்கினார். அது வந்த பிறகு ஒரே டிஸ்க்குக்குப் பல பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்றானது. இடத்தால் ஒன்று, தயாரிப்பு இலக்கத்தால் ஒன்று, பிரிவுக்கு நாங்கள் வைத்த லேபிளால் ஒன்று, பிரிவை ஃபார்மட் செய்யும்போதே அதற்குள் பொறிக்கப்படும் 128 பிட் யூயூஐடியால் ஒன்று. எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று மாறினாலும் யூயூஐடி பிரிவோடு போகும்.

நூலகக்காரர் இடமா அடையாளமா என்ற இந்தச் சண்டையை நூறு வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். பழைய நூலகங்களில் புத்தக இலக்கம் என்பது அலுமாரி, தட்டு, வரிசை. அலுமாரியை நகர்த்தினால் எல்லா இலக்கமும் பொய். 1876இல் டூயி, புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை விட்டு, எதைப் பற்றியது என்பதற்கு இலக்கம் கொடுத்தார். அந்த வழியை இன்னும் ஆழமாக்கியவர் எஸ். ஆர். ரங்கநாதன், அவருடைய கோலன் பகுப்பு 1933இல் வெளிவந்தது. அதே ரங்கநாதன்தான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவர். 1959இல் திறந்த கட்டடம் சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தது. நூலகம் இணையத்தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ என்று ஒன்று நிற்கும். சேர்வரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் மாறாது. கணினி ஆட்கள் இதையெல்லாம் புதிதாய்க் கண்டுபிடித்ததுபோல் கதைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

போர் முடிந்து பாதை திறந்த பின் சாமான் தாராளமாக வந்தது. அதோடு விதம்விதமான பெயர்களும் வந்தன. கொழும்பில் மூடிய ஒரு அலுவலகத்திலிருந்து எங்களுக்குப் பழைய எச்பி சேர்வர் ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது. அதன் ஸ்மார்ட் அரே கார்டில் உள்ள டிஸ்க்குக்குப் பெயர் ‘சிசிஐஎஸ்எஸ்/சி0டி0’; முதற் பிரிவு ‘சி0டி0பி1’. பெயருக்கு நடுவில் சாய்கோடு. எங்கள் ஸ்கிரிப்ட் பிரிவின் பெயரையே பிரதிக் கோப்பின் பெயராக வைக்கும். சாய்கோட்டைக் கண்டதும் ‘சிசிஐஎஸ்எஸ்’ என்ற ஃபோல்டரைத் தேடி, காணாமல் நின்றுவிட்டது. கேர்னலுக்கே இந்தத் தலையிடி இருந்திருக்கவேண்டும். தன் உள்பட்டியலில் அது சாய்கோட்டுக்குப் பதிலாக ஒரு ஆச்சரியக்குறியை வைத்து எழுதியிருந்ததைப் பார்த்தபோது, இது எனக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

நாலாவது வரி சின்ன ராஸ்பெரி பை ஒன்றுக்கானது. 2012இல் வெளிவந்த அந்தக் கையளவுக் கணினியில் டிஸ்க் கிடையாது, எஸ்டி கார்ட். கார்டின் பெயர் எம்எம்சிபிஎல்கே0. முதற் பிரிவு எம்எம்சிபிஎல்கே01 அல்ல, எம்எம்சிபிஎல்கே0பி1. கடைசி வரியிலுள்ள என்விஎம்இயும் அப்படியே: என்விஎம்இ0 என்பது கட்டுப்படுத்தி, என்1 அதிலுள்ள பகுதி, பி1 பிரிவு. அதன் விதிமுறை 2011இல் வந்தது. லினக்ஸ் அடுத்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊர்க் கடைகளுக்கு வர மேலும் பல வருடம்.

நடுவில் ஏன் ஒரு ‘பி’? டிஸ்க்கின் பெயர் எழுத்தில் முடிந்தால் எண்ணை நேரே ஒட்டலாம்: எஸ்டிஏ, எஸ்டிஏ1. பெயரே எண்ணில் முடிந்தால் ஒட்டிய எண் எது, பெயரின் எண் எது என்று தெரியாது. அதனால் கேர்னலில் ஒரு சின்ன விதி உண்டு: கடைசி எழுத்து எண்ணா என்று பார், எண்ணென்றால் ‘பி’ போட்டு ஒட்டு. லூப்0பி1, எம்டி0பி1 எல்லாம் இதே விதி. 

எங்கள் ஸ்கிரிப்ட் எச்டிஏ, எஸ்டிஏ காலத்தில் வளர்ந்தது. டிஸ்க் பெயரோடு 1ஐ ஒட்டினால் பிரிவு என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான். முதல் என்விஎம்இ கணினியில் மீட்டெடுக்கும் பயிற்சியை வெற்று டிஸ்க்கில் செய்து பார்த்தோம். ஸ்கிரிப்ட் என்விஎம்இ0என்1 உடன் 1ஐ ஒட்டி ‘என்விஎம்இ0என்11’ என்று எழுதியது. அப்படி ஒரு சாதனம் இல்லை. இல்லாத பெயருக்கு எழுதச் சொன்னால் லினக்ஸ் மறுக்கும் என்று நினைப்போம். மறுக்காது. சாதனங்களின் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி அதற்குள் கொட்டத் தொடங்கும். அந்த ஃபோல்டர் இருப்பது டிஸ்க்கில் அல்ல, நினைவகத்தில். பயிற்சிக்கு இருந்த பெடியன் கத்தினான்: “அக்கா, 500 ஜிபி டிஸ்க்காம், ரெண்டு ஜிபி போக முந்தி நிரம்பிட்டுதாம்!” நிரம்பியது நல்லதாய்ப் போயிற்று. பிரிவு சின்னதாக இருந்திருந்தால் முழுவதும் எழுதி, வெற்றி என்று அறிவித்து, கரண்ட் போனதும் எல்லாம் ஆவியாகியிருக்கும்.

எதிர்த்திசையிலும் இதே பொறி. பிரிவின் பெயரிலிருந்து டிஸ்க்கின் பெயரை எடுக்கவேண்டுமென்றால், பின்னாலுள்ள எண்களை வெட்டு என்பார்கள். எஸ்டிஏ1 எஸ்டிஏ ஆகும், சரி. என்விஎம்இ0என்1பி1ஐ வெட்டினால் பி தொங்கிக்கொண்டு நிற்கும். பியையும் வெட்டு என்று எழுதலாம். பிறகு யாராவது தயாரிப்பு இலக்கப் பெயரைக் கொடுப்பார்கள். அதில் பிரிவின் வால் ‘-பார்ட்1’. மேப்பர் சாதனங்களில் சிலவேளை வெறும் எண், சிலவேளை பி, சிலவேளை பார்ட். கிரப் பூட்லோடரோ டிஸ்க்கை 0இலிருந்தும் பிரிவை 1இலிருந்தும் எண்ணுகிறது. அதன் பழைய பதிப்பு இரண்டையும் 0இலிருந்து எண்ணியது. அண்ணையின் ஸ்கிரிப்டில் இந்த வெட்டும் ஒட்டும் வேலைக்கென்று நிபந்தனைகள் வளர்ந்து வளர்ந்து, ஒரு கட்டத்தில் பிரதி எடுக்கும் வரிகளைவிடப் பெயர் பார்க்கும் வரிகள் கூடிவிட்டன.

அவற்றை நான் முழுவதும் தூக்கினேன். பெயரைப் பார்த்து ஊகிக்கும் வேலை தோம்பை விட்டுவிட்டு ஊர்க்கதையைக் கேட்பது போன்றது. கேர்னலுக்குத் தன் டிஸ்க்குகளின் தாய் பிள்ளை உறவு தெரியும். 2011இல் யூடில்-லினக்ஸ் தொகுப்பில் சேர்ந்த எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையிடம், இந்தப் பிரிவின் தாய் டிஸ்க் எது என்று கேட்டால் பெயரைச் சொல்லும். சிஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் ‘பார்ட்டிஷன்’ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதற்குள் பிரிவின் எண். முழு டிஸ்க்குக்கு அந்தக் கோப்பே கிடையாது. ஆகவே கொடுத்தது பிரிவா டிஸ்க்கா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். எழுதுவதற்கு முன் அது உண்மையில் சாதனம்தானா, சாதாரணக் கோப்பா என்று ஒரு வரிச் சோதனை. நாளை புதிதாக எந்த எழுத்தில் டிஸ்க் வந்தாலும் இந்த வரிகளைத் தொடவேண்டியதில்லை.

யூயூஐடியோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிரதி எடுப்பதுதான் எங்கள் தொழில். டிஸ்க்கை அப்படியே பைட்டுக்குப் பைட் பிரதி எடுத்தால் யூயூஐடியும் பிரதியாகும். மூலத்தையும் பிரதியையும் ஒரே கணினியில் கொழுவினால் ஒரே அடையாளத்தோடு இரண்டு பிரிவு. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை மட்டும் கொஞ்சம் ரோசக்காரன். இரட்டை யூயூஐடியைக் கண்டால் திறக்க மறுத்துவிடும். ஃபாட் வகை பென் டிரைவ்களிலோ அடையாளமே எட்டு இலக்கம்தான்.

காணிப் பதிவிலும் இதே நிலை உண்டு. நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதினால் ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு, ஒன்று தன் கட்டில். மூன்றும் கையெழுத்தோடு ஒரே உறுதி. 3-2-1 என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்று, அதில் முக்கால்வாசி இங்கே சட்டப்படி நடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரில் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, அப்பா தன் கட்டுகளைச் சைக்கிள் கரியரில் கட்டி நாவற்குழிப் பாலம் தாண்டினார். அம்மாவின் சேலைகள் வீட்டில் நின்றுவிட்டன. அதைப் பற்றி அம்மா இன்றைக்கும் கதைப்பார். பதிவகத்திலோ ஒரு காணியின் இலக்கம் என்பது தொகுதியும் பக்கமும். பக்கம் நிரம்பினால் வேறு தொகுதியில் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். காணியின் இலக்கம் மாறிவிடும். ஆக அதுவும் இடம்தான். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வந்து, நில அளவை வரைபடத்தில் துண்டுக்கு இலக்கம் கொடுத்தபோதுதான் காணிக்கு ஒரு யூயூஐடி கிடைத்தது என்று சொல்லலாம்.

இப்போதைய ஸ்கிரிப்ட் அதனால் இரண்டு சாட்சி கேட்கும். எழுதப்போகும் டிஸ்க்கின் தயாரிப்பு இலக்கம் பட்டியலில் இருக்கவேண்டும். அதிலுள்ள பிரிவின் யூயூஐடியும் பொருந்தவேண்டும். ஒன்று தவறினாலும் வேலையை நிறுத்தி எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். முழு டிஸ்க் பிரதிக்குத் தாய்வானில் செய்த குளோன்சில்லா. அது படிமத்துக்குள் எஸ்டிஏ1 என்று பெயர் எழுதி வைத்துவிடும். அந்தப் படிமத்தை என்விஎம்இ டிஸ்க்குக்கு மீட்க, பெயர்களை மாற்றித்தர அதிலேயே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இதே தலையிடி இருந்ததற்கு அந்தக் கருவியே அத்தாட்சி.

மனிதருக்குப் படிக்க ஒரு பெயரும் வேண்டுமே. முப்பத்திரண்டு இலக்கத்தை டிஸ்க்கின் முதுகில் ஒட்டினால் யார் வாசிப்பது? லேபிளைத் தமிழில் வைப்போம் என்று தொடங்கினோம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் லேபிளுக்கு இடம் 16 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும், காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக, மும்மூன்று பைட். ‘நூலகம்’ என்று எழுதினால் 18 பைட். கட்டளை எச்சரித்துவிட்டு வாலை வெட்டியது. கடைசிப் புள்ளியில் மூன்றிலொரு பங்கு மட்டும் ஒட்டிக்கொண்டு ‘நூலகம’ என்று ஒரு கரியெழுத்தோடு நின்றது. அதனால் அப்பாவின் உறுதிகளுக்குப் போனேன். மாவடி 15 பைட், ஏறியது. அரசடி 15. ஆலடி 12, எக்ஸ்எஃப்எஸ்ஸின் லேபிளுக்கே அளவெடுத்தது போல. புளியடி ஏறாது, நாவலடி ஏறாது. வேம்படியும் ஏறவில்லை, அந்தப் பெயருள்ள பள்ளியில் படித்த எனக்கு அது மனத்தாங்கல்தான்.

ஜிபிடி என்ற புதிய பிரிவு அட்டவணை வந்து அந்தக் குறையும் போனது. அதில் பிரிவின் பெயருக்கு 72 பைட். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு இரண்டு பைட் போதும். முப்பத்தாறு குறியீடு எழுதலாம். வேம்படிக்கு ஏழுதான். வவுனியாவுக்குப் போகும் வெளியூர்ப் பிரதிக்கு இப்போது அந்தப் பெயர். அடுத்த டிஸ்க்குக்குப் புளியடி என்று பெடியங்கள் ஏற்கெனவே பட்டியலில் எழுதிவிட்டார்கள். எந்தப் புளியடி என்று கேட்டேன். தயாரிப்பு இலக்கத்தையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.